இடது பக்கம் ஒரு அடி

ஜங்லிகாட் கடைத்தெருவில் என் ஜவுளிக்கடைக்கும் ஜெகநாதனின் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். துணி சாயம் போகாது என்று நான் அடிக்கும் சத்தியம் அவனுக்குக் கேட்கும். பத்தொன்பது வருஷம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவனைப் பற்றி எழுத என்னைவிட நல்ல ஆட்கள் போர்ட் பிளேரில் உண்டு. ஆனால் நடந்தது முழுசும் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் செய்த காரியமும் இதில் வரும். ஆகவே இந்த நூருல்லா நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

ஜெகநாதனுக்குக் கும்பகோணம் பக்கம். ஐம்பத்திரண்டில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவாக மதராஸிலிருந்து கப்பலேறி வந்தான். மூன்று வருஷம் பேனா பிடித்தான். பிறகு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மரப்பெட்டிக் கேமராவை வைத்து ஸ்டூடியோ போட்டான். சர்க்கார் சம்பளத்தை வேண்டாமென்று சொன்ன மடையன் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்பான்.

ஸ்டூடியோவுக்குப் பின்திரை வேண்டுமே, அதை அவனே வரைந்தான். கடல், மணல், சாய்ந்த தென்னை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒருவரும் அதன் முன்னால் நிற்க மாட்டேன் என்றார்கள். பி.டபிள்யூ.டி. வேலைக்கு வந்த ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"ஏங்க, நாலு நாள் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன் அந்தக் கடல்ல. அதையே முதுகுக்குப் பின்னாடி வச்சு எங்கம்மாவுக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

ஜெகநாதன் திரையைக் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கத்தில் கோபுரமும் குளமும் வரைந்தான். கூட்டம் வந்தது. என் கடையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு கொடுத்தேன். ஒல்லி ஆளுக்கு முதுகில் கிளிப் போட்டு இறுக்குவான், தடித்த ஆளுக்குப் பின்தையலைப் பிரித்துவிடுவான். தீவுக்கு வந்த தமிழர்களில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள் நின்று, கும்பகோணத்துக் குளத்தைக் காட்டி, தாங்கள் அந்தமானில் சௌக்கியமாக இருப்பதாக ஊருக்குத் தெரிவித்தார்கள்.

அதெல்லாம் வயிற்றுக்கு. அவன் மனசு இருந்தது வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் மூன்றுகால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு சௌல்தாரிப் பக்கம் போய்விடுவான். சதுப்பில் நிற்கும் மரத்தின் வேர், மழை வருவதற்கு முன் கறுத்துப்போகும் வானம், வெறும் பாறை, இப்படி எடுத்துக்கொண்டு வருவான். ஒன்றும் விலைபோகாது. கேலி செய்வேன்.

"மரம் வந்து உன்கிட்ட படம் கேட்டுச்சா? நாளைக்கு எத்தனை காப்பின்னு கேளு."

அவன் சிரிக்க மாட்டான். இதில் மட்டும் அவனுக்குச் சிரிப்பு வராது.

"ஆளுகிட்ட நான் சிரின்னா சிரிக்கறான் பாய், நிமிருன்னா நிமிர்றான். மரத்துக்கிட்ட என் பேச்சு எடுபடாது. காட்டுக்குள்ள வெளிச்சம் எறங்கறது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அதுக்காக நான்தான் காத்துக்கிடக்கணும். அப்படிக் காத்துக்கிடக்கறப்பதான் நானும் ஏதோ வேலை தெரிஞ்ச ஆளுன்னு எனக்கே தோணுது."

அறுபத்திரண்டு டிசம்பரில் ஒரு மரக் கம்பெனியின் மானேஜர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மத்திய அந்தமானில் மரம் வெட்டும் கூப்பு எடுத்திருந்த தனியார் கம்பெனி. அறுபத்து நாலாம் வருஷக் காலண்டருக்குப் படம் வேண்டும், கூப்பிலேயே பெரிய படாக் மரம், வெட்டுவாயில் சிவப்புக் கட்டை தெரிய வேண்டும், மரத்தின் பருமன் புரிகிற மாதிரி அடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார். கல்கத்தாவில் வர்ணம் போட்டு அச்சடிப்பார்களாம்.

மரத்தைப் படம் பிடிக்கச் சொல்லி ஓர் ஆள் தேடி வந்தது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மானேஜர் படியிறங்கியதும் என் கடைக்கு ஓடிவந்தான். கேமராவுக்கு மேலே போர்த்திக்கொள்ளப் புதுக் கறுப்புத் துணி கிழிக்கச் சொன்னான். கூடவே ஒரு சட்டைத் துணியும். காட்டுக்குள் அவனை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது புதுச் சட்டை போட வேண்டாமா என்றான்.

பிப்ரவரியில் லாஞ்ச் ஏறிப் போனவன் ஒன்பது நாள் கழித்துத் திரும்பினான். ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என் கடைக்குள் வந்து துணி மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னான்.

மரம் அறுக்கிற கோஷ்டிக்குத் தலைவன் ஜம்புலிங்கம். விழுப்புரம் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருஷமாகக் கூப்பில் இருப்பவன். கோஷ்டியில் மற்றவர்கள் ராஞ்சிக்காரர்கள். காலையிலேயே மரத்தின் ஒரு பக்கம் கோடரியால் வாய் வெட்டி, மறுபக்கம் வாளை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் இன்னும் காட்டுக்குள் இறங்கவில்லை. வெளிச்சமில்லாமல் எடுத்தால் வெறும் கரிதான் விழும், வாளை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஜெகநாதன் மானேஜரிடம் கேட்டான். வாள் அப்போது பாதியைத் தாண்டியிருந்தது. பாதி தாண்டிய மரத்தை நிற்கவிடக் கூடாது என்பது கூப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜம்புலிங்கம் சொல்லியும் பார்த்திருக்கிறான்.

"ரோகோ மத், சாப். நிறுத்தாதீங்க. பாதி அறுத்த மரம் எந்தப் பக்கம் போவும்னு சொல்ல முடியாது."

மானேஜர் ஜெகநாதனைப் பார்த்தார். பத்து நிமிஷம் போதும் என்றான் இவன். மானேஜர் வாளை நிறுத்தச் சொன்னார். வெளிச்சம் வர அரை மணியானது.

அளவு காட்டுவதற்கு ஜம்புலிங்கத்தையே மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். அவன் வலது பக்கம், வேருக்கு வெளியே, ஓடிவிடுகிற தூரத்தில் நின்றான். முகத்தில் வேரின் நிழல். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து ஜெகநாதன் சொன்னான்.

"இடது பக்கம் ஒரு அடி வாங்க. அங்கதான் வெளிச்சம் இருக்கு."

ஜம்புலிங்கம் மரத்தின் உச்சியைப் பார்த்தான். பிறகு இவனைப் பார்த்தான். தள்ளி வந்து நின்றான்.

"மூணு எண்ணுவேன். அதுவரைக்கும் அசையாதீங்க."

ஒன்று சொன்னான். இரண்டு சொல்லும்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ராஞ்சிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மானேஜரும் ஓடினார். ஜம்புலிங்கம் மட்டும் சொன்ன சொல்லுக்கு அசையாமல் நின்றான். ஜெகநாதனும் பழக்க தோஷத்தில் மூன்று என்று சொல்லி முடித்தான். அதற்குமேல் அவன் என்னிடம் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

அன்று சாயங்காலமே மானேஜர் ஒரு காகிதம் தயார்செய்தார். ஜம்புலிங்கம் தன் அஜாக்கிரதையால் வெட்டிய மரத்தடியில் போய் நின்றதாக எழுதியிருந்தது. சாட்சி என்று போட்ட இடத்தில் ஜெகநாதன் கையெழுத்துப் போட்டான். கை நடுங்கியதா என்று கேட்டேன். நடுங்கவில்லையாம்.

"போலீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடட்டுமா பாய்?" என்றான்.

என் கடையிலிருந்துதான் அந்தக் கம்பெனியின் கூலிகளுக்குக் கம்பளியும் லுங்கியும் போய்க்கொண்டிருந்தன. அது மனசில் ஓடவில்லை என்று சொன்னால் பொய். "செத்தவன் எழுந்து வரப்போறதில்ல. உள்ளே போகப்போறது நீ. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றேன். இருந்தான்.

படம் நன்றாக விழுந்திருந்தது, அதுதான் கொடுமை. கழுவிக் காயவைத்து எனக்குக் காட்டினான். அத்தனை பெரிய மரம், சட்டத்தின் அடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் ஆள். ஆள் துல்லியமாக இருந்தான், துளி ஆட்டமில்லை. மரத்தின் உச்சி மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. பார்க்கிறவர்கள் காற்று என்று நினைப்பார்கள். கம்பெனிக்காரர்கள் கூச்சமே இல்லாமல் அந்தப் படத்தையே காலண்டரில் போட்டார்கள். அறுபத்து நாலு ஜனவரியில் தீவில் கடை தவறாமல் அது தொங்கியது. வாடிக்கை போய்விடக் கூடாதே என்று நானும் மாட்டினேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் துண்டுத்துணி கேட்டு வந்தாள். ரோட்டு வேலையில் ஜல்லி உடைக்கிறவள் என்று விரல்களைப் பார்த்ததும் தெரிந்தது. நான் துணியை அளந்துகொண்டிருந்தேன். அவள் காலண்டருக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள்.

"பாய், இது எங்க வூட்டுக்காரரு."

கத்தரியை வைத்துவிட்டு நானும் காலண்டர் பக்கம் போனேன்.

"மூஞ்சியே தெரியலியே தாயி. எப்படிச் சொல்ற?"

"நிக்கறத பாத்தா தெரியாதா? ஒரு கால தூக்குனாப்ல வச்சுதான் நிப்பாரு. தலையில கட்டியிருக்கறது என் துண்டு." திரும்பி என்னைப் பார்த்தாள். "யாரு புடிச்ச படம் பாய்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துச் சுவரைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எத்தனையோ நாள் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயர் மரகதம். புருஷன் செத்த பிறகு கம்பெனி அவளை லைன் வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தது. அவன் அஜாக்கிரதையால் செத்ததாக எழுதிவிட்டதால் உதவியும் கிடையாது. வயிற்றுப்பிள்ளையோடு போர்ட் பிளேர் வந்து, இங்கேயே பெற்றெடுத்திருந்தாள். பெண் குழந்தை. ஸ்டூடியோவில் அவள் பேசியதெல்லாம் பலகை வழியாக எனக்குக் கேட்டது.

"கல்யாணத்துலகூட ஒரு படம் புடிக்கல ஐயா. இந்தப் புள்ள அப்பன் மூஞ்சியப் பாத்ததே இல்ல. அந்தப் படத்துலேர்ந்து அவரு மூஞ்ச மட்டும் பெருசாக்கிக் குடுங்க. அது போதும்."

ஜெகநாதன் பெட்டியைத் திறந்து நெகட்டிவைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவளே கேட்டாள்.

"இது எப்ப புடிச்சீங்க? அன்னிக்கா?"

"இல்ல. அது வேற நாள்," என்றான்.

"அதான பாத்தேன். பன்னெண்டு வருசம் கூப்புல இருந்த மனுசன், அறுத்த மரத்தடியில போயி இன்னாத்துக்கு நிப்பாரு? அதத்தான் தெனம் கேட்டுக்கிட்டிருக்கேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

படத்தில் ஜம்புலிங்கத்தின் தலை கடுகளவு. அதைப் பெரிதாக்கினால் முகமா வரும்? உளுந்தைக் கொட்டிவைத்த மாதிரி புள்ளிகள்தான் வந்தன, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம். அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதாள். அழுகையைக் கேட்டுப் பதறிய ஜெகநாதன், நான் வரைந்து தருகிறேன், அடையாளம் மட்டும் சொல்லுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். படத்துக்குப் பென்சிலால் டச்சிங் செய்வது ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், அம்மைத் தழும்பை மறைப்பது, புருவத்தைக் கறுப்பாக்குவது மாதிரி. முகத்தையே புதிதாக உண்டாக்கியதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். அவள் சொல்லச் சொல்ல அவன் அந்தப் புள்ளிகளின் மேலேயே கரித்தூளும் பென்சிலும் வைத்து வரைவான்.

"மூக்கு இம்மாம் நீட்டு கெடையாது."

"காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும். சின்னதுல ஆடு கடிச்சுட்டுதாம்."

"மீச இப்படி ஒழுங்கா இருக்காது. கூப்புல ஏது கண்ணாடி?"

அடுத்த வாரம் வந்து பார்ப்பாள். இல்லை என்பாள். இவன் புதுப் பிரதி போட்டு மறுபடி ஆரம்பிப்பான். மழைத்தண்ணீரில் கழுவினால்தான் காகிதம் நன்றாக இருக்கும் என்று என் கூரைக்குக் கீழேயும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தான். கோட்டுப் போட்டுப் படம் பிடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். ஏப்ரலில் அவள் அவனை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். மே மாதம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் ஆடு காதைக் கடித்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரித்த சத்தமும் கேட்டது. என்னால் கடைக்குள் உட்கார முடியவில்லை, தெருவில் போய் நின்றேன்.

ஒருநாள் படத்தை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணைத் தவிர எல்லாம் வந்திருந்தது. பார்க்கிறவனைப் பேசவிடாமல் செய்யும் முகம்.

"பாய், இவ்வளவு வருஷம் நான் எடுத்ததெல்லாம் படமே இல்ல. இதுதான் வேலை. வெளிச்சம் வெளியிலேர்ந்து வரணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒருத்தி மனசுல இருக்கறதை இன்னொருத்தன் கை எடுத்து வைக்குது பாரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிச்சம் வெளிச்சம்னு சொல்லித்தானே அவனைக் கொண்டுபோய் நிறுத்தினே? இப்ப அவன் மூஞ்சியிலேயும் உனக்குப் பேர் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

கண்தான் வரவே இல்லை. அவளும் எப்படியெப்படியோ சொன்னாள். இவனும் வரைந்தான். "கண்ணு செத்துக் கெடக்குது அண்ணே," என்பாள். அவனுக்கு ஜம்புலிங்கத்தின் கண் தெரியாமலா இருக்கும்? கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்தபோது பார்த்த அந்தக் கண் அவன் மண்டைக்குள்ளேயே இருந்தது. அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் நல்ல மழை நாளில் அவள் வந்தாள். தகரக்கூரையில் மழை அடித்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. யாரும் தூக்கவில்லை போலிருந்தது. எழுந்து போய் ஸ்டூடியோ வாசலில் நின்றேன்.

படம் ஸ்டாண்டில் இருந்தது. குழந்தை பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. மரகதம் படத்தின் முன்னால் நின்றாள். ஒரு புருவம் ஏறி, உதடு உள்ளே மடங்கி, எதிரே நிற்கிறவனைப் பார்க்கும் ஜம்புலிங்கம். அந்தக் கண்ணை வேண்டுமென்றே வரைந்தானா, கை தானாகப் போனதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"இவருதான்," என்றாள். "அப்படியே இவருதான்."

ஜெகநாதன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"காய்ச்சல்ல சுருண்டு கெடப்பாரு. மேஸ்திரி வந்து கூப்புடுவான். அப்ப இப்படிப் பாப்பாரு. வேணாம்னு மனசு சொல்லும், வாயால சரின்னு சொல்லிட்டு எழுந்திரிச்சிப் போவாரு. அந்த மூஞ்சி இது." அவள் மெதுவாகத் திரும்பினாள். "இத நான் உங்களுக்குச் சொல்லவே இல்லியே. நீங்க எங்க பாத்தீங்க?"

நான் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். வாளை நிறுத்தச் சொன்னது, இடது பக்கம் ஒரு அடி வரச் சொன்னது, அசையாதே என்றது, கையெழுத்துப் போட்டது, வேறு நாள் என்று பொய் சொன்னது. மழைச் சத்தத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையைக் கத்திச் சொல்லும்படி ஆனது அவனுக்கு.

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு அசாக்கிரதையா நிக்கல."

"இல்ல."

"நீங்க சொன்னீங்கன்னு நின்னாரு."

"ஆமா."

ஒன்றரை வருஷமாகத் தினம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் நிம்மதி மாதிரி ஒன்று வந்துபோனதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜெகநாதன் படத்தை ஸ்டாண்டிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"வேணாங்க ஐயா," என்றாள். அண்ணே போய்விட்டது. "இது அவரு எனக்குக் காட்டுன மூஞ்சி இல்ல. உங்களுக்குக் காட்டுனது. நீங்களே வச்சுக்குங்க. இப்ப சொன்னத எழுதிக் குடுங்க."

எழுதினான். குமாஸ்தாவாக இருந்தவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஜம்புலிங்கம் தானாகப் போய் நிற்கவில்லை, நான் கூப்பிட்ட இடத்தில் நின்றார், நான் அசையாதீர்கள் என்று சொன்னதால் மரம் விழுகிறபோதும் அசையவில்லை, முன்னே நான் போட்ட கையெழுத்து பொய் என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டான். கீழே சாட்சி என்று எழுதி இடம் விட்டான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"பாய்க்கும் எல்லாம் தெரியும்தானே? இங்கியேதானே நின்னீங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

ஜெகநாதன் பேனாவை நீட்டினான். கம்பெனிக்கு அந்த வாரம் போக வேண்டிய கம்பளி மூட்டை என் கடை வாசலில் கட்டித் தயாராக இருந்தது. என் மனைவி ஆசியாவும் பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்தார்கள் என்று எழுதலாம். வரவில்லை. மூட்டைதான் வந்தது.

"கடையில ஆளு நிக்கிது. பார்த்துட்டு வர்றேன்," என்றேன்.

கொட்டுகிற மழையில் கடையில் யார் நிற்பார்கள்? உள்ளே போய் உட்கார்ந்தேன். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையின் தலைக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு மரகதம் தெருவில் போவதைப் பார்த்தேன்.

மறுநாள் இருவரும் அந்தக் காகிதத்தோடு கம்பெனியின் போர்ட் பிளேர் ஆபீசுக்குப் போனார்கள். இதே ஆள் அன்றைக்கு ஒன்று எழுதினான், இன்றைக்கு வேறு எழுதுகிறான், எதை நம்புவது, சாட்சி எங்கே என்று கேட்டார்களாம். இரண்டு மாதம் நடந்தார்கள். கடைசியில் வாசல் காவலாளே உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு மரகதம் ஜங்லிகாட் பக்கம் தட்டுப்படவில்லை. ஹேவ்லாக் தீவில் ஒரு குடும்பத்தின் வயலில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஜெகநாதன் அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஸ்டூடியோ நடத்தினான். கோபுரத் திரை, கறுப்புக் கோட்டு, அடையாளச் சீட்டுக்கு ஒட்டும் சின்னப் படம், அவ்வளவுதான். காட்டுப் பக்கம் போகவில்லை. ஆட்களிடம் அசையாதே என்று சொல்வதையும் விட்டுவிட்டான். வெறுமனே காத்திருந்து, அவர்களாக அடங்கும்போது எடுப்பான். பாதிப் படம் ஆட்டமாகத்தான் விழும். வாடிக்கை குறைந்தது. என்னிடம் பேச்சை நிறுத்தவில்லை, அதுதான் அவன் எனக்குக் கொடுத்த தண்டனை. தினம் காலையில் வந்து பேப்பர் வாங்கிப் படித்துவிட்டுப் போவான். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எழுபத்து நாலில் காமாலை வந்து செத்துப்போனான். மாலை போட அவன் படம் ஒன்று தேடினோம், இல்லை. நான்தான் ஸ்டூடியோவைக் காலி செய்தேன். மர நெகட்டிவ்கள் எல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இருட்டறைச் சுவரில், அவன் நின்று வேலை செய்கிற இடத்துக்கு நேரே, ஜம்புலிங்கத்தின் முகம் மாட்டியிருந்தது. அதை மட்டும் துணியில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று வாரம் கழித்து மரகதம் வந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. வாசலில் பதினோரு வயசுப் பெண் ஒன்று நின்று கடைப் பலகையை எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கினாற்போல வைத்து நின்றது. நான் அவசரமாக எழுந்து படத்தை எடுக்கப் போனேன்.

"படத்துக்கு வர்ல பாய்," என்றாள்.

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். அதற்குள் அந்தக் காகிதம். மடிப்பில் கிழிந்து ஒட்டியிருந்தது. ஜெகநாதன் சாட்சி என்று எழுதி விட்ட இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"இப்பவாச்சும் போடுறீங்களா?"

அந்தக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு தீவைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. என் கம்பளி வியாபாரமும் அதோடு போயிற்று. இனி அந்தக் காகிதத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதனால்தான் பேனா உடனே கையில் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பெயரைத் தெளிவாக எழுதினேன். ஜெகநாதன் போட்டிருந்த தேதியைப் பார்த்து, அதையே எழுத ஆரம்பித்தேன்.

"அந்தத் தேதி வேணாம் பாய். எம் பொண்ணு படிக்கிறா. நாளைக்கு இதையும் படிப்பா." விரலை என் கையெழுத்துக்குக் கீழே வைத்தாள். "இன்னிக்குத் தேதி போடுங்க."

போட்டேன்.